தைராய்டு எடுத்த பிறகு எடையும் படபடப்பும்

சகோதரி, புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுசா எடுத்து மூணு மாசம், எடை ஏறுது, ஜிம்முக்குப் போனா நெஞ்சு படபடக்குது, முட்டைக்கோஸைத் தொடவே பயம்னு எழுதியிருந்தீங்க.

கோஸ் பயத்தை விடுங்க. சுரப்பியே இல்லை, அது எதைக் கெடுக்கப் போகுது? பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க. அயோடின் உப்பைத் தவிர்க்கிறதும் ரேடியோ அயோடின் சிகிச்சைக்கு (மிச்சமிருக்கிற தைராய்டு செல்களை அழிக்கிறது) முன்னாடி கொஞ்ச நாளைக்குத்தான்.

படபடப்பைத்தான் கவனிக்கணும். புற்றுநோய் திரும்பாம இருக்க டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) அளவைக் குறைச்சு வைக்கணும்னு சிலருக்குத் தைராக்ஸின் (சுரப்பிக்குப் பதிலா எடுத்துக்கிற ஹார்மோன் மாத்திரை) கூடுதலா கொடுப்பாங்க. அதனாலயும் இதயம் வேகமா அடிக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லி ரத்தம் பாருங்க, டோஸை நீங்களா குறைக்காதீங்க. அதுவரை பேசிக்கிட்டே நடக்க முடியற வேகத்துல நடந்தா போதும். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தா காத்திருக்க வேண்டாம்.

தைராக்ஸின் மாத்திரை வெறும் வயித்துல, தண்ணியோட. காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சு (நம்ம வீடுகள்ல கோட்டை விடுறது இங்கதான்). கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. டோஸ் மாத்தினா 6-8 வாரம் கழிச்சுத்தான் அளவு சரியா தெரியும். அதுக்குள்ள எடை ஏறுதேன்னு பட்டினி கிடக்காதீங்க.