ஒரு ஆய்வாளர், மூன்று பெயர்கள்: மேற்கோள் கணக்கைச் சீர்செய்வது எப்படி?

கேள்வி: கொழும்பில் மருத்துவ பீடமொன்றில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருக்கிறேன். டெங்கு பற்றி ஆய்வு செய்கிறேன். கூகுள் ஸ்கொலரில் எனக்கு 412 மேற்கோள்கள் காட்டுகிறது, ஸ்கோப்பஸில் 143 மட்டுமே. திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரோடு எழுதுகிறேன். பதவி உயர்வு விண்ணப்பத்தில் எந்த எண்ணைப் போடுவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் போடாதீர்கள். இரண்டுமே பிழையாக இருக்க வாய்ப்புண்டு. முதலில் பதிவைத் துப்புரவாக்க வேண்டும்.

இரு தளங்களுக்கும் இடையே வித்தியாசம் இருப்பது இயல்பு. ஒரு கட்டுரையை வேறு கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்பதே மேற்கோள் எண்; இரு தளங்களும் அதை எண்ணுகின்றன. ஸ்கோப்பஸ் தான் தெரிவுசெய்த சஞ்சிகைகள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகள் ஆகியவற்றில் வரும் மேற்கோள்களை மட்டும் எண்ணும். கூகுள் ஸ்கொலர் பட்டப்படிப்பு ஆய்வேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், முன்பதிப்புகள் (சஞ்சிகையில் வருமுன் இணையத்தில் இடும் வடிவங்கள்) எல்லாவற்றையும் சேர்க்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய சந்தேகம் பெயர் மீதுதான். குடும்பப் பெயர் இல்லாத நம்மிடம் சஞ்சிகைப் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. தகப்பன் கந்தையா, மகள் சிவகாமி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் ‘கே. சிவகாமி’ என்று வரும். இணை ஆசிரியர் ஒருவர் படிவத்தை மாற்றி நிரப்பினால் அடுத்ததில் ‘எஸ். கந்தையா’ ஆகிவிடும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு மூன்றாவது வடிவம். ஸ்கோப்பஸின் கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

எனவே ஸ்கோப்பஸில் ஆசிரியர் தேடலுக்குப் போய், பெயரின் எல்லா வடிவங்களையும், முன்பின் மாற்றியும், தேடுங்கள். இதற்குச் சந்தா தேவையில்லை. உங்களுடைய புரொஃபைல்கள் அனைத்தையும் தெரிவுசெய்து, ஒன்றாக இணைக்கக் கோரிக்கை அனுப்புங்கள். கட்டுரைப் பட்டியலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதே முதலெழுத்தும் பெயரும் உள்ள வேறொருவரின் கட்டுரை உள்ளே புகுந்திருக்கலாம்.

அது சரியான பிறகு ஓர்க்கிட். ஆய்வாளரை அடையாளம் காட்டும், 16 இலக்கங்கள் கொண்ட இந்த எண் இலவசம். பெயர் மாறினாலும் பல்கலைக்கழகம் மாறினாலும் இது மாறாது. பழைய பெயர்களை ‘வேறு பெயர்கள்’ பகுதியில் கட்டாயம் சேருங்கள். கட்டுரைகளை ஸ்கோப்பஸிலிருந்தும், விடுபட்டவற்றை குரொஸ்ரெஃப் என்ற கட்டுரைப் பதிவேட்டிலிருந்தும் இறக்குங்கள். கையால் தட்டச்சு செய்யாதீர்கள்: கட்டுரைக்குரிய நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. இலக்கம் ஒன்றாக இருந்தால் ஓர்க்கிட் இரண்டு பதிவுகளையும் ஒன்றாகத் தொகுக்கும், அந்த இலக்கம் இல்லாமல் எழுதினால் ஒரே கட்டுரை இரு முறை நிற்கும். இலங்கைச் சஞ்சிகைகளில் வந்த உங்கள் கட்டுரைகள் ஸ்கோப்பஸில் அகப்படாமல் போயிருக்கலாம். அவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் தேடி, டி.ஓ.ஐ. இலக்கத்தோடு சேருங்கள். நம் நாட்டு நோயாளர் பற்றிய ஆய்வுகள் பல அங்கேதான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

கூகுள் ஸ்கொலரில் சிக்கல் வேறு மாதிரி. அது தானாகவே கட்டுரைகளைச் சேர்க்கும், அதனால் அடுத்தவருடையதும் வந்துவிடும். அமைப்பில் ‘மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிறருடையதை உடனே நீக்குங்கள். நேர்முகத் தேர்வில் யாராவது பட்டியலைத் திறந்து பார்க்கும்போது சம்பந்தமில்லாத இரசாயனவியல் கட்டுரை ஒன்று கிடந்தால், உங்கள் உண்மையான வேலையையும் சந்தேகிப்பார்கள்.

ஒரே கட்டுரையின் முன்பதிப்பும் அச்சான பதிப்பும் தனித்தனியே நின்றால் இரண்டையும் தெரிவுசெய்து இணையுங்கள். இது எச்-இன்டெக்ஸையும் மாற்றும். இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005 இல் முன்வைத்த கணக்கு அது: தலா குறைந்தது 5 மேற்கோள்கள் பெற்ற 5 கட்டுரைகள் இருந்து, தலா 6 பெற்ற 6 கட்டுரைகள் இல்லாவிட்டால், அது 5. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள்: 45, 30, 22, 14, 9, 5, 4. ஐந்தாவது கட்டுரைக்கு 9 உண்டு, ஆறாவதுக்கு 5 மட்டுமே. ஆகவே எச்-இன்டெக்ஸ் 5. கடைசி இரண்டும் ஒரே கட்டுரையின் இரு பதிப்புகளாக இருந்தால், இணைத்தபின் 9 வரை போகலாம், எச்-இன்டெக்ஸ் 6 ஆகும். இரு பதிப்பையும் ஒருவரே மேற்கோள் காட்டியிருந்தால் கூட்டுத்தொகை சற்றுக் குறையும்.

இப்போது எண்ணை எழுதலாம், ஆனால் தளத்தின் பெயரும் பார்த்த திகதியும் இல்லாமல் எழுதாதீர்கள். ஸ்கோப்பஸ் எண்ணை முதலில் போட்டு, சுயமேற்கோள்களை நீக்கிய எண்ணையும் பக்கத்தில் தாருங்கள். அந்த வசதி அங்கேயே உண்டு. கூகுள் எண் அடுத்த வரியில் வரட்டும். சஞ்சிகையின் இம்பக்ட் ஃபக்டரை உங்கள் தரமாகக் காட்ட வேண்டாம். அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்தச் சஞ்சிகை வெளியிட்ட கட்டுரைகளுக்குக் கிடைத்த சராசரி மேற்கோள்; உங்கள் கட்டுரை பற்றி எதுவும் சொல்லாது. ஆய்வு மதிப்பீடு பற்றி 2013 இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் ஆய்வாளரை அதை வைத்து அளக்க வேண்டாம் என்றே கேட்கிறது. ‘பப்மெட்டில் இருக்கிறது’ என்பதும் ‘மெட்லைனில் சுட்டியிடப்பட்டது’ என்பதும் ஒன்றல்ல. பப்மெட் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம்; மெட்லைன் அதற்குள் தெரிவுசெய்த சஞ்சிகைகளின் தொகுப்பு. முழுக் கட்டுரைகளைச் சேமிக்கும் பப்மெட் சென்ட்ரலில் வைப்புச் செய்த கட்டுரைகளும் பப்மெட்டில் தெரியும். சஞ்சிகையின் நிலையை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய கூட்டுக் கட்டுரை ஒன்றே உங்கள் மேற்கோள்களில் பாதியைத் தந்திருந்தால், அதை மறைக்காமல் தனியாகக் காட்டுங்கள். நீங்கள் முதல் ஆசிரியராகவோ தொடர்பாசிரியராகவோ (கட்டுரை பற்றிச் சஞ்சிகையோடு தொடர்பு கொள்பவர்) இருந்த நான்கைந்து கட்டுரைகளுக்குக் கீழே, எந்த வேலை உங்களுடையது என்று இரண்டு வரி எழுதுங்கள்: மாதிரி சேகரிப்பா, ஆய்வுகூடப் பரிசோதனையா, புள்ளிவிபரமா. என் கணிப்பில் தெரிவுக்குழுவுக்கு அதுவே எண்களை விட அதிகம் சொல்லும்.

ஸ்கோப்பஸ் திருத்தம் ஒரே நாளில் முடிவதில்லை. இணைப்புக் கோரிக்கையை இந்த வாரமே அனுப்பிவிட்டு, மற்ற வேலைகளை அதற்கிடையில் செய்யுங்கள். விண்ணப்பத்தைக் கையளிக்கும் நாளில் ஸ்கோப்பஸ், ஓர்க்கிட், கூகுள் ஸ்கொலர் ஆகிய மூன்று பக்கங்களையும் திகதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமித்து இணைத்துவிடுங்கள்.