வந்த பத்துப் பேர் என்ன ஆனார்கள்?

கேள்வி: எங்கள் பகுதியில் குடிமக்கள் அமைப்பு ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறோம். கூட்டம் போட்டால் பத்துப் பேர் வந்தாலே அதிகம். துண்டறிக்கை கொடுத்தால் படிக்காமலே கசக்கிப் போடுகிறார்கள். தேர்தல் நாளை விடுமுறை என்று நினைத்து வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். குறை சொல்வதில் மட்டும் யாருக்கும் குறைச்சல் இல்லை. இத்தனைக்கும் அரசியல் கலப்பே இல்லாமல்தான் நடத்துகிறோம். தனக்கென்ன என்று இருக்கும் இந்த மக்களை எப்படித்தான் தட்டி எழுப்புவது?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. சொந்த வேலையை ஒதுக்கிவைத்துப் பொதுவுக்காக அலைபவருக்கு இந்த அலுப்பு வரத்தான் செய்யும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன். வராதவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். வந்த பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? அடுத்த கூட்டத்துக்கும் அவர்கள் வந்தார்களா? வரவில்லை என்றால், ஏன் என்று அவர்கள் வீட்டு வாசலில் போய்க் கேட்டீர்களா? மேடை போட்டு இரண்டு மணி நேரம் பேசி, நன்றியுரை முடிந்ததும் அனுப்பிவைத்திருந்தால், அவர்கள் திரும்ப வராததற்கு அக்கறையின்மை என்று பெயர் வைக்காதீர்கள்.

'இந்தக் காலத்து மக்கள்' என்ற பேச்சும் வேண்டாம். மக்களாட்சி பிறந்த இடம் என்று சொல்லப்படும் பண்டைய கிரேக்க நகரமான ஏதென்சிலேயே, சந்தையில் நின்று கதை பேசிக்கொண்டிருந்த குடிமக்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றைப் பிடித்துச் சபைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிறகு, கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சபைக்கு வருகிறவர்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு என்றிருப்பவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவான் என்று யோசித்திருக்கிறார்கள். உங்கள் கூட்டம் எந்த நாளில், எத்தனை மணிக்கு நடக்கிறது? இரவு வேலைக்குப் போகிறவரும், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணும் வரக்கூடிய நேரமா அது?

அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு மாணவர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். சுவரில் உள்ள துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பிக்கிறது. தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். அதே அறையில், புகையைப் பார்த்தும் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கச் சொல்லி இரண்டு பேரை உட்கார வைத்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்தில் இருப்பவன் அசையவில்லையே, அப்படியானால் ஒன்றும் இருக்காது என்று நினைத்தார்கள்.

அதனால்தான் 'யாருக்குமே அக்கறை இல்லை' என்று மேடையில் முழங்குவதை நிறுத்துங்கள் என்கிறேன். கேட்பவர் காதில் அது எப்படி விழுகிறது? எல்லோரும் சும்மாதான் இருக்கிறார்கள், நான் மட்டும் ஏன் என்றுதானே? வந்தவர்களைப் பற்றிப் பேசுங்கள். இன்னார் மனு எழுதினார், இன்னார் அலுவலகத்துக்கு வந்தார் என்று சொல்லுங்கள். எழுந்து நிற்கும் ஒருவரைக் கண்ணால் பார்த்தால்தான் அடுத்தவர் எழுவார்.

அப்புறம் துண்டறிக்கை. 'விழித்தெழுங்கள், பொறுப்பை உணருங்கள்' என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? உணர்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். அதில் கேட்டது ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள். வேலைக்குப் போக வேண்டுமென்றால் டாக்சியில் போங்கள், அல்லது நடந்து போங்கள் என்று வழியும் சொல்லியிருந்தது. என்ன செய்ய வேண்டும், எந்த நாளில், அதனால் வரும் கஷ்டத்துக்கு என்ன வழி, எல்லாம் ஒரு தாளில்.

திங்கட்கிழமை பேருந்துகள் கிட்டத்தட்டக் காலியாக ஓடின. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அன்று மாலை தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, தொடர்ந்து நடத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். 381 நாள் அந்தப் புறக்கணிப்பு நீடித்தது. ஒரு வருடம் பேருந்தில் ஏறாதீர்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தால் எத்தனை பேர் சரி என்றிருப்பார்கள்? இன்னொன்றையும் கவனியுங்கள். அது திடீரென்று வந்த எழுச்சி அல்ல. ராபின்சனின் பெண்கள் அமைப்பு 1946-லேயே தொடங்கப்பட்டது. புறக்கணிப்பு வரலாம் என்று மேயருக்கு அவர் 1954-லேயே கடிதம் எழுதிவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்காத அந்த வருடங்களில் நடந்த சின்னச் சின்னக் கூட்டங்கள்தான் அந்த ஒரு இரவில் கைகொடுத்தன. உங்கள் பத்துப் பேரை நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

எதைக் கையில் எடுப்பது என்பதும் முக்கியம். ராஜஸ்தானில் அருணா ராயும் அவருடைய தோழர்களும் நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கிராமங்களில் பொது விசாரணைகளை ஆரம்பித்தது. அங்கே தத்துவம் பேசவில்லை. அரசு வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயரும் கூலியும் எழுதும் பதிவேட்டை, எடுத்துவைத்துப் பெயர் பெயராக வாசித்தார்கள். இந்தப் பெயருக்கு இத்தனை நாள் கூலி கொடுத்ததாக எழுதியிருக்கிறதே, வாங்கினீர்களா? அந்த வேலைப் பக்கமே நான் போனதில்லை என்று கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து சொல்வார். செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது. முடிந்துவிட்டதாகக் கணக்கில் காட்டிய கட்டடம், பாதியில் நிற்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அங்கே கணக்கு கேட்டார்கள், ஏனென்றால் அது அவர்கள் பெயர், அவர்கள் கூலி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்ததற்குப் பின்னால் அந்த மக்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. 'ஊழலை ஒழிப்போம்' என்று தலைப்பு வைத்திருந்தால் அந்த ஜனங்கள் வந்திருப்பார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வாக்களிக்க வராதவர்கள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1998-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஏறத்தாழ 30,000 வாக்காளர்களை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்குத் தொலைபேசி, சிலருக்குத் தபால், சிலருக்கு நேரில் ஆள். ஆள் நேரில் போய் அழைத்த வாக்காளர்களிடம்தான் நல்ல பலன் தெரிந்தது. தபாலால் கிடைத்தது சொற்பம், தொலைபேசியால் ஒன்றுமில்லை. கையில் இருக்கும் போனில் ஆயிரம் பேருக்குச் செய்தி தட்டிவிடுவது சுலபம், வீடு வீடாகப் போவது கடினம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்வதும் சுலபமில்லை.

ஒருமுறை வந்தவரைத் திரும்பவும் வரவைப்பது, வந்ததால் கிடைத்த பலன்தான். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில், 1989-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் நகராட்சியின் முதலீட்டுப் பணத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்க மக்களையே கூட்டினார்கள். ஆரம்பத்தில் வந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. கேட்ட சாக்கடையும் தண்ணீர் இணைப்பும் தெருவுக்கு வந்துசேர்ந்த பிறகு, பத்தாண்டுக்குள் அது பல்லாயிரமாக வளர்ந்தது. கையெழுத்து வாங்கிப்போன மனு என்ன ஆயிற்று என்று கையெழுத்துப் போட்டவருக்கு நீங்கள் போய்ச் சொன்னதுண்டா? நிராகரித்துவிட்டார்கள் என்றாலும் சொல்ல வேண்டும். இழுத்தடிக்கும் அதிகாரி சொல்லித்தரும் அதே பாடத்தைத்தான், கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு கண்ணில் படாமல் போகும் அமைப்பும் மக்களுக்குச் சொல்லித்தருகிறது: நீ பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடைசியாக, அரசியல் கலப்பில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அது. கட்சிச் சார்பு வேண்டாம் என்றால் சரி. ஆனால் எந்தத் தெருவுக்கு விளக்கு முதலில், எந்தப் பள்ளிக்கு ஆசிரியர், வரிப்பணம் எதற்கு என்று தீர்மானிப்பதெல்லாம் அரசியல்தான். அரசியல் அழுக்கு என்று சொல்லிச் சொல்லியே நல்லவர்களை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, வாக்களிக்க வரவில்லையே என்று அவர்களையே கோபிப்பது நியாயமில்லை. அடுத்த தேர்தலுக்கு முன்னால் உங்கள் பகுதியின் மூன்று பிரச்சினைகளை அந்தப் பத்துப் பேரோடு உட்கார்ந்து எழுதுங்கள். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்குக் கூப்பிட்டு, ஒரே கேள்விகளை எல்லோரிடமும் கேளுங்கள். வராதவரின் நாற்காலியைக் காலியாகவே போட்டுவையுங்கள். சொன்ன பதில்களைத் தேதியோடு எழுதிவைத்து, ஒரு வருடம் கழித்து, ஜெயித்தவரை எதிரில் உட்கார வைத்து வாசியுங்கள். வாசிக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.