'லாசூட்' கிட்டாருக்கு இரட்டை விலையா? பழைய ஜப்பானிய எலெக்ட்ரிக் கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: ஒரு காலத்தில் நகல் என்று இளக்காரமாகப் பேசப்பட்டவை இந்த ஜப்பானிய கிட்டார்கள். இப்போது ஏன் இத்தனை மவுசு?

பதில்: அந்த இளக்காரத்திலும் நியாயம் இருந்தது. 70களின் தொடக்கத்தில் வந்த, அமெரிக்க கிப்சன் நிறுவனத்தின் 'லெஸ் பால்' கிட்டாரின் நகல்கள் பலவற்றில் மேற்பலகை, அழுத்தி வளைத்த பிளைவுட். அதற்குக் கீழே வெறும் கூடு. முட்டியால் தட்டினால் பிஸ்கட் டப்பா போல ஒலிக்கும். கிப்சனில் ஒட்டியிருக்கும் நெக் (கழுத்து), இவற்றில் நான்கு திருகாணியில் நிற்கும்.

பத்தாண்டின் பிற்பாதியில்தான் நிலைமை மாறியது. நகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரில் ஃபுஜிகென், மட்சுமோகு, ஹமமட்சு நகரில் டோக்காய் ஆகிய கிட்டார் நிறுவனங்கள். ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தார்கள். மட்சுமோகு, சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த நிறுவனம்; மரவேலை அவர்களுக்குக் கைவந்த கலை. நெக்கை ஒட்டினார்கள், முழு மரத்தில் பாடி செய்தார்கள். அதே காலத்தில் அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் தயாரிப்பில் அக்கறை குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்களே புலம்பிக்கொண்டிருந்தார்கள். நகலை அசலோடு வைத்து ஒப்பிடும் துணிச்சல் அப்போதுதான் வந்தது.

கேள்வி: 'லாசூட் கிட்டார்', அதாவது வழக்கில் சிக்கிய கிட்டார், என்று சொல்லி ஒருவர் இரட்டை விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: கிட்டார் நன்றாக இருந்தால் வாங்குங்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 1977 ஜூனில், கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பானிய ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது பிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. சண்டை ஹெட்ஸ்டாக்கின், அதாவது நெக்கின் முனையில் கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியின், வடிவத்தைப் பற்றியது. மரத்தைப் பற்றியோ ஒலியைப் பற்றியோ அல்ல. ஐபனெஸ் அதற்குள் அந்த வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது, 1978இல் சமரசமாகிவிட்டது. இன்றோ கிரெக்கோ, டோக்காய், பர்னி என்று கையில் அகப்பட்டதற்கெல்லாம் இந்தப் பட்டத்தைச் சூட்டுகிறார்கள். முன்பு சொன்ன பிளைவுட் கூட்டுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: பிறகு எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மாடல் எண்ணைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் விலையே ஒளிந்திருக்கும். கிரெக்கோ ஈஜி 500 என்றால் அன்றைய விலை 50,000 யென். டோக்காய் எல்எஸ்-100 என்றால் ஒரு லட்சம் யென். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் மரமும் உழைப்பும் வேறு. ஐபனெஸில் 1975க்குப் பிறகு வரிசை எண்ணே வயதைச் சொல்லிவிடும்: முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 'எஃப் 77' என்றால் 1977 ஜூன்.

கேள்வி: அண்ணா, ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்குவையரில் 'ஜேவி' வரிசைக் கிட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தம்பி, 1982இல் அமெரிக்காவின் ஃபெண்டர், ஜப்பானின் காண்டா ஷோகாய், யமானோ கக்கி நிறுவனங்கள் மூவரும் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கினார்கள், தயாரித்தது ஃபுஜிகென். ஜேவி வரிசை எண் அந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உரியது. ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடலில் அந்த எண் பெரும்பாலும் பாடியின் பின்புறம் நெக்கைப் பிணைக்கும் தகட்டில் இருக்கும். தகட்டைப் பிடித்திருப்பது நான்கு திருகாணி, மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆகவே தகட்டை மட்டும் நம்பாதே. நெக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் குறிகளைக் காட்டச் சொல். தயங்கினால் கிளம்பிவிடு.

கேள்வி: அடுத்த மாதம் டோக்கியோ போகிறேன். எங்கே தேடலாம்?

பதில்: ஒச்சனோமிசு. ரயிலை விட்டு இறங்கினால் தெருவெங்கும் கிட்டார் கடைகள். விலை கூடுதல், ஆனால் வாசித்துப் பார்க்க விடுவார்கள். மலிவாக வேண்டுமானால் பழைய பொருள்கள் விற்கும் ஹார்ட் ஆஃப் கடைகளில் 'ஜங்க்' என்று எழுதிய மூலை. அங்கே யாரும் எதற்கும் பொறுப்பில்லை.

எங்கே வாங்கினாலும் ஒரு சோதனை: விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்; ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டருகே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். மூன்று நான்கு நுழைந்தால், நெக் வளையாமல் காக்க அதனுள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியில் இன்னும் திருக இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஒரு கடையில் மின்னுகிற லெஸ் பால் வகை ஒன்றை வாங்கி வந்து வீட்டில் சாவியைப் போட்டால், மரை ஏற்கெனவே கோடிவரை முறுக்கப்பட்டிருந்தது. ஃப்ரெட்களைப் பிடுங்கி விரல்பலகையைச் சீவிச் சமன்செய்யக் கேட்ட கூலி, கிட்டாரின் விலையைத் தாண்டியது. இன்றும் சுவரில்தான் தொங்குகிறது.

கேள்வி: யமஹா எஸ்ஜி 2000?

பதில்: யாரையும் நகலெடுக்காத கிட்டார். 1976இல் வந்தது, புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் சந்தானா வாசித்தார். நெக் மரம் பாடியின் கடைசிவரை ஓடும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைக் கட்டி. ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் காபி ஆற்றிக் குடித்துவிட்டு வரலாம், அது நின்று ஒலித்துக்கொண்டிருக்கும். எடைக்குத் தோள்வலி இலவசம்.

கேள்வி: மாமாவின் பழைய டீஸ்கோ கிட்டார் பரணில் கிடக்கிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மட்டும் விலைக்குக் கேட்கிறார்கள். ஏன்?

பதில்: மேலே பொன்னிறத் தாள் பதித்ததுபோல் இருக்கிறதா? 'கோல்டு ஃபாயில்' என்பார்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டில் இந்த வகைப் பிக்கப்பைப் பொருத்தியபின் இதன் விலை ஏறிவிட்டது. கேட்பவரின் கண் எதில் இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். விற்பதென்றால் கிட்டாரை முழுதாக விற்றுவிடுங்கள். பிக்கப் போன டீஸ்கோவை ஒருவரும் தொட மாட்டார்கள்.