மேசை வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

கேள்வி: கிளிநொச்சியில் இருந்தபடி கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு இணையவழியே கணக்கு வேலை செய்கிறேன். எங்களுடையது இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி ஓட்டு வீடு. உள்ளே பிள்ளைகளின் சத்தம். அதனால் மேற்குப் பக்கம் இறக்கிய தகரப் பத்தியில் சாப்பாட்டு மேசையைப் போட்டிருக்கிறேன். மதியத்துக்குப் பிறகு இருக்க முடியவில்லை. தோளும் கழுத்தும் வலிக்கின்றன. என் உயரம் 5 அடி 1 அங்குலம். பத்திக்குச் சுவர் எழுப்பி அறையாக்கலாமா? அல்லது அலுவலக மேசையும் சில்லுக் கதிரையும் வாங்கினால் போதுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மேற்குப் பக்கத் தகரப் பத்திக்குச் சுவர் எழுப்புவது போறணைக்குக் கதவு போடுவதற்குச் சமம். உச்சி வெயிலில் தகரம் 60 பாகையையும் தாண்டிச் சுடும். அந்த வெக்கை நேரே உங்கள் தலையில்தான் இறங்குகிறது. மின்விசிறி காற்றை அசைக்குமே தவிர, கூரையிலிருந்து இறங்கும் வெப்பத்தை மறிக்காது.

விறாந்தை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வடக்கோ கிழக்கோ என்றால் அதில் ஒரு மூலையை மறித்து வேலையிடம் ஆக்குங்கள். மேலே ஓடு இருக்கிறது. பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. மூன்றடி அரைச்சுவர், அதற்குமேல் திறந்து மூடும் கண்ணாடிக் கதவுகள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றோடு மழை அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும் என்பதால் கதவைத் தவிர்க்க முடியாது. வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது என்று சொல்வார்கள். வன்னியில் அது அரை உண்மை. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன், ஜூலையில் காலையும் மாலையும் வெயில் சரிந்து உள்ளே வரும். ஓர் ஓலைத் தட்டியைத் தொங்கவிட்டால் போதும்.

பத்தியை விட வழியில்லை என்றால் தகரத்தின்மேல் கிடுகு வேயுங்கள். வெக்கை குறையும், மழை நாளில் தொலைபேசியில் பேசுபவருக்குத் தகரத்தின் இரைச்சலும் அவ்வளவாகக் கேட்காது. தகரத்துக்குக் கீழே மட்டும் கிடுகு கட்டாதீர்கள். மின்கம்பி ஓடும் இடத்தில் காய்ந்த ஓலை ஆபத்து.

இனி வலி. குற்றவாளி மேசைதான் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். கதிரையில் பாதம் முழுதும் நிலத்தில் பதிய இருந்து, மேற்கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடியுங்கள். நிலத்திலிருந்து முழங்கை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு 24, 25 அங்குலம் வரும். அதுதான் உங்கள் மேசையின் உயரம். இப்போது ஐந்தாறு அங்குலம் தோளைத் தூக்கியபடியே நாள் முழுதும் தட்டெழுதுகிறீர்கள். வலிக்காமல் என்ன செய்யும்?

தச்சரிடம் செய்விப்பதே நல்லது. வேப்பம்பலகை கிடைத்தால் விடாதீர்கள், கறையான் எளிதில் நெருங்காது. பனை கூரை வளைக்கு நல்லது. மேசைப் பலகைக்கு அதன் சிராம்பு கையைக் கிழிக்கும். லாச்சி வைக்க வேண்டாம். இவ்வளவு தாழ்ந்த மேசையில் லாச்சி இருந்தால் தொடை இடிக்கும். "மேசை என்றால் 30 அங்குலம்தான்" என்று தச்சர் ஒற்றைக்காலில் நிற்பார். அவரையே கதிரையில் இருத்தி அளந்து காட்டுங்கள்.

அதுவரை இருக்கிற மேசையோடு சமாளிக்க, கதிரையில் தடித்த மெத்தை போட்டு உயர்த்துங்கள். தொங்கும் காலுக்குக் கீழே ஒரு பலகைப் பெட்டி. சில்லுக் கதிரையை ஏன் வேண்டாம் என்கிறேன்? ரெக்சின் இருக்கை நம்முடைய வெக்கைக்கு முதுகை நனைத்துவிடும். நேர்முதுகுப் பிரம்புக் கதிரை காற்றுவிடும், விலையும் குறைவாக இருக்கலாம்.

மடிக்கணினியை அப்படியே மேசையில் வைத்தால் கழுத்து குனிந்தே இருக்கும். இரண்டு பலகைத் துண்டுகளின்மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டெழுதத் தனி விசைப்பலகை வாங்குங்கள். இந்தப் பட்டியலில் காசைத் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வது இதற்கு மட்டுந்தான். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் விழும், முன்னால் இருந்தால் கண் கூசும்.

மின்செருகிக்கான பொயின்ட்டைப் போடும்போது மேசைக்குப் பின்னால் மறைத்து வைக்காதீர்கள். மேசை மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் இடி தொலைவில் உறுமத் தொடங்கும்போதே கணினியின் இணைப்பையும் ரவுட்டரின் இணைப்பையும் இழுத்துக் கழற்றிவிட வேண்டும். மின்னல் தலைக்குமேல் வந்தபிறகு மேசைக்கடியில் குனிந்து தேடக்கூடாது.