ரைபோசோமே புரதம் செய்கிறது என்றால் எண்டோபிளாச வலை எதற்கு?

"புரதத்தை ரைபோசோமே செய்துவிடுகிறது, அப்புறம் சொரசொரப்பான எண்டோபிளாச வலைக்கு என்ன வேலை?" என்று கேட்டு, நீங்கள் எழுதிய விடையையும் அனுப்பியிருந்தீர்கள். நியாயமான குழப்பம். ரைபோசோம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் நுண்துகள்; எண்டோபிளாச வலை என்பது செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பின்னல். ரைபோசோம்கள் ஒட்டியிருக்கும் பகுதிதான் சொரசொரப்பானது. பாடநூல் படத்தில் ரைபோசோம்கள் வலையில் நிரந்தரமாக ஒட்டியிருப்பது போலத் தெரிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் உருவாவதைப் பாருங்கள். சைட்டோபிளாசத்தில் (செல்லின் உட்கூழில்) மிதக்கும் ரைபோசோம்தான் வேலையைத் தொடங்குகிறது. முதலில் வெளிவரும் 24 அமினோ அமிலங்கள் முகவரிச் சீட்டு மாதிரி. ஒரு துகள் அதை அடையாளம் கண்டு பற்றிக்கொண்டு, ரைபோசோமை வலையின் சவ்வுக்குக் கொண்டுவருகிறது. அமினோ அமிலச் சங்கிலி வளர வளரவே ஒரு துளை வழியாக உள்ளே இறங்குகிறது. சீட்டு வெட்டப்படுகிறது; 110 அமினோ அமிலங்களில் மிச்சம் 86. இந்த முகவரி முறையைக் கண்டறிந்ததற்குத்தான் குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு உயிரியலில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

இனிதான் வலையின் சொந்த வேலை. சங்கிலி சரியாக மடிய வேண்டும், மூன்று டைசல்பைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்களை இணைப்பவை) சரியான இடத்தில் விழ வேண்டும். அதற்கேற்ற ஆக்சிஜனேற்றச் சூழல் வலைக்குள் இருக்கிறது. தப்பாக மடிந்தவை வெளியே தள்ளப்பட்டுச் சிதைக்கப்படும். சரியானவை புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்புக்குப் போகும். பிறகு சுரப்புத் துகள்களில் நடுத்துண்டு நீக்கப்பட்டு, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் கிடைக்கிறது.

வழவழப்பான வலையில் ரைபோசோம் கிடையாது. கொழுப்பு, ஸ்டீராய்டு தயாரிப்பு, கல்லீரலில் மருந்துகளை மாற்றியமைப்பது, தசையில் கால்சியம் சேமிப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

உங்கள் விடையில் "வலைக்கென்று தனி ரைபோசோம்கள் உண்டு" என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மிதப்பதும் ஒட்டியிருப்பதும் ஒரே ரைபோசோம்தான்.