ஆர்க்கிட் இலை சுருங்குதா? தண்ணிய நிறுத்திட்டு வேரைப் பாருங்க

கேள்வி: வேளச்சேரில பிளாட்ல இருக்கோம். கிஃப்ட்டா வந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், பூ கொட்டினதுக்கு அப்புறம் இலையெல்லாம் துவண்டு சுருக்கம் விழுந்துடுச்சு. தினமும் தண்ணி ஊத்தறேன், இன்னும் மோசமாகுது, கிட்ட போனா ஒரு வாடை வேற. காப்பாத்த முடியுமா?

பதில்: நல்ல வேர் நாலஞ்சு மிஞ்சியிருந்தாலே காப்பாத்திடலாம். முதல்ல தண்ணிய நிறுத்துங்க. இலை சுருங்கினா தாகம்னுதான் யாருக்கும் தோணும், ஆனா வேர் அழுகிட்டா செடியால தண்ணிய உறிஞ்சவே முடியாது, ஈரத்துல உக்காந்துகிட்டே காயும், நாம பாவமேன்னு இன்னும் ஊத்துவோம், இன்னும் அழுகும். வாடை வருதுன்னா சந்தேகமே இல்ல, வேரழுகல்தான். காட்டுல இது மரத்துமேல தொத்திகிட்டு வேரைக் காத்துல விட்டு வளர்ற செடி, வேருக்கு ஈரம் எவ்ளோ முக்கியமோ காத்தும் அவ்ளோ முக்கியம்.

இன்னிக்கே தொட்டியிலேர்ந்து எடுத்துடுங்க. வேருக்கு நடுவுல சின்ன வலைக்கப்புல பாசி (ஈரம் பிடிச்சு வைக்கற ஸ்ஃபேக்னம் மாஸ்) அடைச்சிருக்கான்னு பாருங்க, நர்சரில அப்படியே வச்சு வித்துடுவாங்க, மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள சொதசொதன்னு இருக்கும். பாதி செடி சாகறது அதனாலதான்னு சொல்வேன். கப்பை வெட்டி பாசியப் பிச்சு எடுத்துட்டு வேரைக் கழுவுங்க.

இப்ப ஒவ்வொரு வேரா விரல்ல லேசா அமுக்குங்க. கெட்டியா இருந்தா, கலர் கொஞ்சம் பழுப்பா இருந்தாலும் விட்டுடுங்க. கொழகொழன்னு அமுங்கி, தோல் உரிஞ்சு கையோட வந்து நடுவுல நூல் மாதிரி நின்னா அது செத்த வேர். கத்தரிய நெருப்புல காட்டி ஆற வச்சு, நல்ல பாகம் வர்ற வரைக்கும் வெட்டுங்க. வெட்டின வாயில மட்டும் பட்டைப் பொடி (சமையலுக்குப் போடற லவங்கப்பட்டைதான்) தடவுங்க, நல்ல வேர்ல பட்டா அதையும் காய வச்சிடும். பூக்காம்பு இன்னும் நின்னா அதையும் வெட்டிடுங்க, மனசு வராதுதான், ஆனா செடிக்கு இப்ப பூ சுமக்கற தெம்பு இல்ல.

ஒரு ராத்திரி நிழல்ல காய விட்டு மறுநாள் நடுங்க. மண்ணு வேண்டவே வேண்டாம். கரித்துண்டு, உடைச்ச ஓட்டுத்துண்டு, ரெண்டு நாள் ஊற வச்சுத் தண்ணி மாத்தின தேங்கா மட்டைத் துண்டு, இதெல்லாம் கலந்து வேர் கொள்ற அளவுக்கு சின்ன தொட்டி போதும், ஓட்டை நிறைய இருக்கணும். உள்ள தெரியற பிளாஸ்டிக் தொட்டி கிடைச்சா ரொம்ப நல்லது, ஏன்னா வேர் பச்சையா இருந்தா ஈரம் இருக்கு, வெள்ளி மாதிரி வெளுத்தா தண்ணி ஊத்தலாம், கணக்கு அவ்ளோதான். காலைல ஊத்துங்க, இலை நடுவுல குருத்துல தேங்கினா துணியால ஒத்தி எடுத்துடுங்க, குருத்து அழுகிட்டா அப்புறம் கஷ்டம். உப்புப் போர் தண்ணிய விட மழைத்தண்ணி இல்லன்னா ஆர்.ஓ. தண்ணி (ஃபில்டர்லேர்ந்து வெளிய போற வேஸ்ட் தண்ணி இல்ல) நல்லது.

வேரே மிஞ்சலன்னா, ஊற வச்சு இறுக்கிப் பிழிஞ்ச பாசிய ஒரு டப்பால போட்டு, செடியோட அடி அதுல படாம மேல நிக்கற மாதிரி வச்சு, வெளிச்சம் வர்ற ஆனா வெயில் படாத இடத்துல விடுங்க, தினம் கொஞ்சம் திறந்து காத்து காட்டுங்க. மாசக்கணக்குல ஆகும், சிலது பொழைக்கவும் பொழைக்காது.

பளபளன்னு பச்சை முனையோட புது வேர் வர்ற வரைக்கும் உரம் போடாதீங்க. பழைய இலையோட சுருக்கம் முழுசா நிமிராது, அதப் பாத்து பயந்து திரும்பவும் தினமும் சொம்பைத் தூக்கிட்டு வந்துடாதீங்க.