புதிதாக வரும் ஒரு விலங்கை மற்ற விலங்குகள் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுமா?

கேள்வி கேட்டவர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே கூட்டமாக வாழும் பூனைகளைப் பற்றித்தான் குறிப்பாகக் கேட்டிருக்கிறார். எங்கிருந்தோ ஒன்று புதிதாக வந்தால் அவை நட்போடு ஏற்குமா, விரட்டிவிடுமா என்பது அவர் கவலை. சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கின் சமூகப் பூனைகளுக்கு, அதாவது சொந்தக்காரர் இல்லாமல் வெளியே வாழும் பூனைகளுக்கு, சாப்பாடு வைப்பவர்களில் நானும் ஒருத்தி. நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அவசரப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும்.

பூனை தனியாகத் திரியும் பிராணி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சாப்பாடு ஓரிடத்தில் தவறாமல் கிடைத்தால் அவை சேர்ந்து வாழும். தாய், மகள், பெரியம்மா, சித்தி என்று பெண் பூனைகளின் உறவைச் சுற்றித்தான் கூட்டம் அமையும். ஒன்று ஈன்ற குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும். கன்னத்தாலும் விலாவாலும் ஓயாமல் உரசிக்கொள்வதால் எல்லாவற்றின் மேலும் ஒரு பொதுவான வாசனை ஏறிவிடும். அந்த வாசனைதான் அவற்றுக்கு அடையாள அட்டை. மருத்துவரிடம் போய்த் திரும்பிய பூனையைக் கூடவே வளர்ந்தவைகூடச் சீறி ஒதுக்குவது உண்டு. உடம்பில் மருந்து நெடி வீசுகிறதே, அதற்கு எப்படி அடையாளம் தெரியும்? அப்படியிருக்க, முன்பின் தெரியாத பூனை வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புளோக்குக்கு ஒரு சாம்பல் நிறப் பெண் பூனை வந்தது. சிங்கப்பூரில் கருத்தடை செய்த சமூகப் பூனைகளுக்கு இடது காதின் நுனி வெட்டப்பட்டிருக்கும். இதற்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. ரோமம் சுத்தமாக இருந்தது. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்க்கும். யாரோ வீட்டில் வளர்த்துக் கைவிட்ட பூனை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. வளர்த்த பிராணியைக் கைவிடுவது இங்கே குற்றம். முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அது தபால் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. மற்றவை சாப்பிடுவதை அங்கிருந்தே பார்க்கும், கிட்டே வராது. மேல்மாடியில் இருக்கும் தம்பி ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “அக்கா, பாவமா இருக்கே. தூக்கிட்டு வந்து இங்கேயே விட்டுடலாமா?”

“வேண்டாம் தம்பி, அதுவா வரட்டும்” என்றேன்.

கருத்தடைக்கு அனுப்பிக் கூட்டி வந்தோம். அப்புறம் அதன் தட்டை அது இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு, பயம் குறையக் குறையக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தோம். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவள் ஒரு மூவண்ணப் பூனை. பாட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பாட்டி தொடக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முறைக்காமல் இருந்ததே நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். பூனைகள் கண்கொட்டாமல் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பு.

ஒரு நாள் சாயங்காலம் பாட்டி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். வால் நேராக மேலே நின்றது, நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தது. பகையில்லை என்று பூனைகள் காட்டும் அடையாளம் அது. சாம்பல் பூனை தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மூக்கும் மூக்கும் தொட்டன. பாட்டி அதன் கழுத்தை முகர்ந்தாள், சுற்றிவந்து வாலடியை முகர்ந்தாள், சின்னதாக ஒரு சீறல் விட்டுவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் மற்ற பூனைகள் அத்தனையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு எதுவும் அதைத் துரத்தவில்லை. எல்லாப் பூனைகளும் கன்னம் தேய்க்கும் ஒரு தூண் இருக்கிறது. சாம்பல் பூனையும் அதில் தேய்க்கத் தொடங்கியபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

இது எங்கள் பூனைகளின் நல்ல மனசால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் வயிறு நிறைந்திருந்தது, எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கும் துணைக்கும் போட்டி இருக்கும் இடத்தில் இவ்வளவு எளிதாக நடக்காது. வந்தது குட்டியாக இருந்தால் இன்னும் சுலபம். வளர்ந்த ஆண் பூனை என்றால் கஷ்டம்தான்.

எல்லா விலங்குகளும் ஒரே மாதிரி இல்லை. இங்கே புக்கிட் தீமா, மெக்ரிட்சி காட்டுப் பகுதிகளில் பார்க்கும் நீண்டவால் குரங்குகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும். ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேடும். அதனால் புதியவனைச் சேர்ப்பது அவற்றுக்கு வாழ்க்கையின் ஒரு பகுதி. வந்தவன் முதலில் ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பான். யாராவது ஒருத்திக்குப் பேன் பார்க்கக் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நீர்நாய்கள் நேர்மாறு. 1990களின் கடைசியில் சிங்கப்பூருக்குத் திரும்பிவந்து இன்று நகரத்துக்குள்ளேயே வாழும் இவை குடும்பத்துக்குள் அத்தனை பாசமானவை. அண்ணன் அக்காள்கள் குட்டிகளுக்கு மீன் ஊட்டும். வெளிக் குடும்பத்தை மட்டும் எல்லைக்குள் விடாது. பீஷான் குடும்பமும் மரினா குடும்பமும் மோதிக்கொண்டது செய்திகளிலேயே வந்தது. ஆனால் வழிதவறிய தங்கள் குட்டி திரும்பக் கிடைத்தால் மொத்தக் குடும்பமும் கூடி அதை நடுவில் வைத்துக்கொள்ளும்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்து இரண்டாவதைக் கொண்டுவருபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளில் உரிமத்தோடும் மைக்ரோசிப்போடும் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்பதால் பலர் ஆசையோடு கூட்டி வருகிறார்கள். வந்த அன்றே இரண்டையும் நேருக்கு நேர் விடாதீர்கள். புதியதற்குத் தனி அறை கொடுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் போடுங்கள். மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். சீறாமல், தட்டை விட்டு விலகாமல் இரண்டும் சாப்பிடத் தொடங்கிய பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறக்கலாம்.

உங்கள் புளோக்கில் வந்திருக்கும் பூனையின் இடது காதை முதலில் பாருங்கள். நுனி வெட்டப்படவில்லை என்றால் அங்கே சாப்பாடு வைப்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கருத்தடைக்கு எங்கே கூட்டிப்போவது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.